பஃபேயும் எங்க ஆயாவும்

"இந்த ஞாயித்துக்கிழமை எல்லாரும் வெளிய போய்ச் சாப்பிடலாமா?"

எங்க வீட்டுல யாராவது இப்படி ஒரு கேள்வி கேட்டாப் போதும், அடுத்த ஒரு மணி நேரத்துக்குப் பட்டிமன்றம்தான். நடுவர் கிடையாது, தீர்ப்பும் கிடையாது. கடைசியில அம்மாவே எழுந்து போய் உப்புமா கிளறிடுவாங்க.

காரணம் ரொம்ப சிம்பிள். மொத்தம் எட்டு பேர், எட்டு நாக்கு. ஒரு அறிமுகம் கொடுத்துடறேன்.

1. அப்பா: செவ்வாய், வெள்ளி, அமாவாசை, கிருத்திகை அன்னைக்கு அசைவம் கிடையாது. மத்த நாள்ல நாட்டுக்கோழி மட்டும். பிராய்லர் கோழின்னா "அது கோழியே இல்லடா"ன்னு ஒரு பிரசங்கம் நடக்கும்.

2. அம்மா: மீன் சாப்பிடுவாங்க. ஆட்டுக்கறி வாசனையே ஆகாது. ஆனா வாரா வாரம் அதைச் சமைக்கறது அவங்கதான்!

3. ஆயா (அப்பாவோட அம்மா): வயசு 74. முப்பது வருஷமா சன்மார்க்கம். வள்ளலார் படத்துக்கு விளக்கு ஏத்தாம பச்சத் தண்ணி குடிக்கமாட்டாங்க. சுத்த சைவம். கறிக்குழம்புல போட்ட கரண்டி சாம்பார்ல பட்டா அந்தச் சாம்பாரும் அவங்களுக்கு ஆகாது.

4. அக்கா: நூடுல்ஸ், ஃப்ரைடு ரைஸ், கோபி மஞ்சூரியன். கல்யாணம் ஆகி ஒரு பையன் பிறந்தும் இந்த மெனு மாறல.

5. மாமா (அக்கா வீட்டுக்காரர்): பிரியாணி இல்லாத கடையை ஓட்டல்னே ஒத்துக்கமாட்டார்.

6. அக்கா பையன்: 4 வயசு. மல்லாட்டை அலர்ஜி. சாப்பிட்டா உடம்பெல்லாம் தடிச்சுப்போகும், ஒரு தடவை ஆஸ்பத்திரி வரைக்கும் போயாச்சு. செஞ்சியைச் சுத்தி எந்தப் பக்கம் போனாலும் மல்லாட்டைக் கொல்லைதான். இந்த ஊர்ல பிறந்த பேரனுக்கு இப்படி ஒரு அலர்ஜி!

7. தம்பி: பிளஸ் டூ. தட்டைத் தவிர மத்ததெல்லாம் சாப்பிடுவான்.

8. நான்: பி.காம். படிக்கறேன். அதனால சாப்பிடும்போது மனசுக்குள்ள கணக்குப் போடற வியாதி உண்டு.

இப்படிப்பட்ட குடும்பத்துக்கு என்ன தீர்வுன்னு யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: "பஃபே போங்க. நூறு ஐட்டம் இருக்கும், அவங்கவங்களுக்குப் பிடிச்சதை எடுத்துக்கலாம்." நானும் அப்படித்தான் நம்பினேன். அம்மாவுக்கு 50 வயசு முடிஞ்ச அன்னைக்கு எல்லாரையும் ஒரு வேன்ல ஏத்தி, எழுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கற புதுச்சேரிக்குக் கூட்டிட்டுப் போனதும் நான்தான். ஞாயித்துக்கிழமை ராத்திரி. ஓட்டல் பேர் வேண்டாம், அவங்க மேல மட்டும் தப்பு இல்லை.

என்ன நடந்ததுன்னு சொல்றதுக்கு முன்னாடி கொஞ்சம் வரலாறு.

பஃபேங்கற பேர் பிரெஞ்சு. ஆனா இன்னைக்கு நாம பாக்கற மாதிரி, நீளமா மேசை போட்டு விதவிதமா அடுக்கி வைக்கற வழக்கத்தை உலகத்துக்குப் பரப்புனதுல சுவீடன்காரங்களுக்குப் பெரிய பங்கு. அவங்க ஊர்ல இதுக்கு ஸ்மோர்காஸ்போர்டுன்னு பேரு. 1939-ல நியூயார்க்ல நடந்த உலகக் கண்காட்சியில சுவீடன் அரங்கத்துல இதை வச்சாங்க, அமெரிக்காவுல பிரபலமாயிடுச்சு. 1958-ல டோக்கியோ இம்பீரியல் ஓட்டல் இதே முறையை ஆரம்பிச்சு அதுக்கு 'வைக்கிங்'னு பேர் வச்சாங்க. அதனால இன்னைக்கும் ஜப்பான்ல பஃபேன்னா 'பைக்கிங்கு'தான் :-) நம்ம நாட்டுல 2006-ல மும்பையில ஆரம்பிச்ச பார்பிக்யூ நேஷன், மேசை நடுவுல அடுப்பை வச்சு, ஒரே விலைக்கு எவ்வளவு வேணும்னாலும் சாப்பிடலாம்னு சொல்லி நடுத்தரக் குடும்பங்களைப் பஃபே பக்கம் இழுத்தது.

இப்ப நம்ம கதைக்கு வருவோம்.

தலைக்கு 699 ரூபாய். ஏழு பேருக்கு 4,893. பையனுக்கு 5 வயசு ஆகாததால இலவசம். 5 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்த்து 5,138. பில்லுல சர்வீஸ் சார்ஜ்னு ஒரு வரியும் இருந்தது. 2022-லயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அதைத் தானா பில்லுல சேர்க்கக்கூடாதுன்னு வழிகாட்டுதல் கொடுத்திருக்கு. அந்த வழிகாட்டுதல் செல்லும்னு டெல்லி உயர்நீதிமன்றம் 2025 மார்ச்ல சொல்லிடுச்சு. மெதுவா எடுத்துச் சொன்னதும் அந்த வரியை எடுத்துட்டாங்க. பி.காம். படிச்சதுக்கு இதுவரைக்கும் கிடைச்ச ஒரே லாபம்.

சாப்பாடு? தம்பி அன்னைக்கு வாழ்நாள் சாதனை பண்ணான். மாமா ரெண்டு தட்டு பிரியாணி. அக்கா நூடுல்ஸ். அப்பா "இது பிராய்லரா?"ன்னு கேட்டுட்டு மீன் பக்கம் போயிட்டார். இதுவரைக்கும் நல்லாத்தான் போச்சு.

ஆயா தட்டை எடுத்துக்கிட்டு வரிசையில நின்னாங்க. பனீர் பாத்திரமும் சிக்கன் பாத்திரமும் பக்கத்துப் பக்கத்துல. ஆயாவுக்கு முன்னாடி நின்ன ஒருத்தர் சிக்கன் கரண்டியாலயே பனீரையும் அள்ளிட்டுப் போனார். அவரைக் குத்தம் சொல்லமுடியாது, அவருக்கு ரெண்டும் ஒண்ணுதான். ஆயா ஒரு வார்த்தை பேசல. நேரா கடைசிக்குப் போய் ரெண்டு கரண்டி தயிர் சாதம், ஒரு அப்பளம், ரெண்டு துண்டு பப்பாளி எடுத்துக்கிட்டு வந்து உட்கார்ந்துட்டாங்க.

பையனுக்கு எதுல மல்லாட்டை இருக்குன்னு கேட்டோம். ஒருத்தர் "எதுலயும் இல்ல சார்"னார். இன்னொருத்தர் "ரெண்டு சட்னியில இருக்கு, அந்த கிரேவியிலயும் இருக்கும்னு நினைக்கறேன்"னார். 'நினைக்கறேன்'ங்கற வார்த்தையைக் கேட்டதும் அக்கா முகம் மாறிடுச்சு. பையன் வெறும் சாதமும் தயிரும் சாப்பிட்டான்.

அம்மா? அவங்க பிறந்தநாள்தானே. அன்னைக்கு அம்மா எத்தனை தடவை எழுந்தாங்கன்னு நான் எண்ணினேன். ஆறு தடவை. பையனுக்குச் சாதம், ஆயாவுக்குத் தண்ணி, அப்பாவுக்கு "இது நல்லாருக்கு பாருங்க"ன்னு ஒரு மீன் துண்டு, மறுபடி ஆயாவுக்கு அப்பளம். வீட்டுல அடுப்புக்கும் கூடத்துக்கும் நடக்கறதுக்குப் பதிலா கவுண்டருக்கும் மேசைக்கும் நடந்தாங்க. அவங்க தட்டுல இருந்த மீன் ஆறிப்போச்சு.

திரும்பி வர்ற வழியில, திண்டிவனம் தாண்டின பிறகு, ஆயா மெதுவா கேட்டாங்க: "ஏம்பா, எனக்கும் எழுநூறு ரூபாயா போட்டான்?"

"ஆமா ஆயா, எல்லாருக்கும் ஒரே ரேட்டுதான்."

"ரெண்டு கரண்டி தயிர் சோத்துக்கா?"

யாரும் பதில் சொல்லல. ரெண்டு மாசம் கழிச்சு மறுபடி வெளிய போற பேச்சு வந்தப்ப ஆயா சொன்னாங்க, "நீங்க போயிட்டு வாங்க கண்ணு. நான் வீட்டைப் பாத்துக்கறேன்."

இதுதான் என்னை உறுத்துச்சு. எல்லாரையும் சேர்க்கறதுக்காகத் தேடிக் கண்டுபிடிச்ச இடம், ஒருத்தரை வெளிய தள்ளிடுச்சு.

கொஞ்சம் யோசிச்சுப் பார்த்தேன். பஃபேயோட வியாபாரமே சராசரிதான். கொஞ்சமா சாப்பிடறவங்க கொடுக்கற காசுதான், நிறைய சாப்பிடறவங்களோட செலவைத் தாங்குது. ஆயாவோட 699-ல பெரும்பகுதி தம்பியோட இறாலுக்குப் போச்சு. எங்க வகுப்புல இதைக் குறுக்கு மானியம்னு சொல்லித் தருவாங்க. எங்க குடும்பத்துக்குள்ளயே ஒரு குறுக்கு மானியம் நடந்திருக்கு!

இந்தச் சராசரி கணக்கு தப்பினா ஓட்டலுக்கே ஆபத்து. அமெரிக்காவுல ரெட் லாப்ஸ்டர்னு ஒரு பெரிய கடல் உணவுச் சங்கிலி. 2023-ல 20 டாலருக்கு எவ்வளவு இறால் வேணும்னாலும் சாப்பிடலாம்ங்கற சலுகையை நிரந்தரமாக்கினாங்க. கூட்டம் வந்தது. கூட்டம் இறாலை மட்டுமே சாப்பிட்டது. கோடிக்கணக்குல நட்டம், 2024 மே மாசம் திவால் மனு. இறால் மட்டுமே காரணம் இல்ல, கடன், வாடகைன்னு வேற காரணங்களும் உண்டு. ஆனா நம்ம தம்பி மாதிரி ஆளுங்க நிறைய வந்தா என்ன ஆகும்னு அதுல தெரியுது.

அதனாலதான் பஃபே கவுண்டர்ல முதல்ல சாதம், ரொட்டி, சாலட், சூப் மாதிரி விலை குறைஞ்சதா இருக்கும். விலை அதிகமான அயிட்டம் கடைசியில இருக்கும், இல்லாட்டி சர்வர் கையால ஒண்ணொண்ணா வரும். தட்டும் சின்னதா இருக்கும். இதெல்லாம் தப்புன்னு நான் சொல்லல, வியாபாரம் அப்படித்தான் ஓடும். ஆனா நாமதான் அந்த ஏற்பாட்டுக்குள்ள மாட்டிக்கறோம். "காசு கொடுத்தாச்சு, விடக்கூடாது"ன்னு வயித்தை நெருக்கிச் சாப்பிடறோம். திரும்ப வராத காசை நினைச்சு முடிவெடுக்கறதைப் பொருளாதாரத்துல மூழ்கிய செலவுக் குழப்பம்னு சொல்லுவாங்க. 2017-ல நோபல் வாங்கின ரிச்சர்ட் தேலர் இதைப் பத்தி நிறைய எழுதியிருக்கார். எங்க ஆயா அதையெல்லாம் படிக்கல. ஆனா அன்னைக்கு அந்தக் குழப்பத்துல மாட்டாத ஒரே ஆள் அவங்கதான். வயிறு கேட்டதுக்கு மேல ஒரு வாய் சாப்பிடல.

பஃபேயில நல்லதே இல்லையான்னு கேட்டீங்கன்னா, இருக்கு. ஒரு பெரிய நல்லது இருக்கு.

எங்களை மாதிரி குடும்பங்கள் மெனு கார்டை எப்படிப் படிக்கும் தெரியுமா? வலது பக்கத்துல இருந்து. முதல்ல விலை, அப்புறம் அது என்ன அயிட்டம்னு. அப்பா 'எனக்கு இட்லி போதும்'னு சொன்னா அது பசியில்லாததால இல்ல, நாங்க நல்லா சாப்பிடணும்னு. பஃபேயில அந்த வலது பக்கமே கிடையாது. உள்ள போகும்போதே கணக்கு முடிஞ்சுடுது. அன்னைக்கு அப்பா முதல் தடவையா விலையைப் பாக்காம இறாலை ருசி பார்த்தார். அக்கா இதுவரைக்கும் கேள்விப்படாத ஏதோ ஒரு இனிப்பைச் சாப்பிட்டா. பிடிக்கலைன்னா விட்டுடலாம், இருநூறு ரூபாய் வீணாப்போச்சுன்னு யாரும் திட்டமாட்டாங்க. இந்தச் சுதந்திரம் சின்ன விஷயம் இல்ல.

அப்ப எங்க தப்பு பண்ணேன்? எண்ணிக்கையைப் பார்த்ததுலதான். எத்தனை அயிட்டம்னு போன்ல கேட்டேனே தவிர, யாருக்கு எது முடியாதுன்னு யோசிக்கல.

விருப்பம் வேற, கட்டுப்பாடு வேற. மாமாவுக்கு பிரியாணி ஒரு விருப்பம். ஒரு வேளை இல்லைன்னா முகம் கொஞ்சம் சுருங்கும், அவ்வளவுதான். ஆயாவோட சைவம் முப்பது வருஷ நம்பிக்கை. பையனோட அலர்ஜி உயிர் விஷயம். இந்த ரெண்டையும் 'வெரைட்டி'ங்கற ஒரே கூடையில போட்டா, வளைஞ்சு கொடுக்கமுடியாதவங்கதான் ஒவ்வொரு தடவையும் வளைய வேண்டி வரும். எங்க ஏரியாவுல இதை நான் இன்னொரு இடத்துலயும் பாக்கறேன். செஞ்சியைச் சுத்தி நயினார் குடும்பங்கள் நிறைய உண்டு. தமிழ்ச் சமணர்கள். மேல்சித்தாமூர் மடம் இங்கதான் இருக்கு. என் கூடப் படிக்கற நண்பன் ஒருத்தன் வீட்டுல பொழுது சாய்ஞ்ச பிறகு பெரியவங்க சாப்பிடமாட்டாங்க. ராத்திரி ஏழு மணிக்கு ஆரம்பிக்கற பஃபேயில ஐநூறு அயிட்டம் இருந்தாலும் அவங்களுக்குப் பூஜ்யம்தான்.

அதனால என் கட்சி இதுதான்: முதல்ல கட்டுப்பாடு, அப்புறம்தான் விருப்பம். குடும்பத்துல யாருக்கு வாய்ப்பு ரொம்பக் குறைவோ, அவங்களுக்கு ஒரு முழுச் சாப்பாடு கிடைக்கற இடமா பாருங்க. மத்தவங்க எப்படியும் பிழைச்சுக்குவாங்க.

ரெண்டாவது தடவை அப்படித்தான் பண்ணோம். அக்கா வீடு திருவண்ணாமலை. எங்களுக்கு நாப்பது கிலோமீட்டர்தான். அங்க ஒரு சுத்த சைவ ஓட்டல், புதன்கிழமை மத்தியானம். பஃபே இல்ல, வாழையிலை சாப்பாடு. சாதம், குழம்பு, கூட்டு, பொரியல், பாயசம் எல்லாம் ஒரே விலை, எவ்வளவு வேணும்னாலும் போடுவாங்க. அதுக்கு மேல வேணும்கறதைத் தனியா வாங்கிக்கலாம். அக்காவுக்கு கோபி மஞ்சூரியன், மாமாவுக்கு காளான் பிரியாணி (முகம் சுருங்குச்சு, ஆனா தட்டு காலி!), தம்பிக்கு அது ரெண்டும். எதுல மல்லாட்டை இருக்குன்னு முன்னாடி நாளே போன்ல கேட்டு, சமையல்காரர்கிட்டயே பேசியாச்சு.

ஆறு சாப்பாடு, தலைக்கு 150. 900 ஆச்சு. தனியா வாங்கினது 780. வரி 84. மொத்தம் 1,764. புதுச்சேரி பில்லுல மூணுல ஒரு பங்கு.

காசை விடுங்க. அம்மா ஒரு தடவைகூட எழுந்திரிக்கல. பரிமாற ஆள் இருந்தார். ஆயா ரெண்டாவது தடவை பாயசம் கேட்டு வாங்கினாங்க. அது ஒண்ணு போதும் எனக்கு.

யோசிச்சுப் பார்த்தா, அளவில்லாச் சாப்பாடு நமக்குப் புதுசே இல்ல. பஃபேயில நாம சாப்பாட்டைத் தேடிப் போறோம், பந்தியில சாப்பாடு நம்மளைத் தேடி வருது. முட்டி வலிக்கற ஆயாவுக்கும், குழந்தையை மடியில வச்சிருக்கற அக்காவுக்கும் எது வசதின்னு நான் சொல்லவேண்டியதில்ல. வடலூர்ல 1867-ல வள்ளலார் ஆரம்பிச்ச தருமசாலையில இன்னைக்கும் வர்றவங்களுக்குச் சோறு போடறாங்க. அங்க விலையும் கிடையாது, வெரைட்டியும் கிடையாது. ஆனா இது நமக்கான இடம் இல்லைன்னு எழுந்து போறவங்களும் கிடையாது.

சரி, "இல்லப்பா, எங்க வீட்டுப் பசங்களுக்கு பஃபேதான் வேணும்"னு சொல்றவங்களுக்கு, அடி வாங்கினவன் தர்ற சில டிப்ஸ்:

* ராத்திரியை விட மத்தியானம் போங்க, ஞாயித்துக்கிழமையை விட வார நாள்ல போங்க. பெரும்பாலும் விலையும் குறைவு, கூட்டமும் குறைவு.

* சைவத்துக்குத் தனி கவுண்டர், தனி கரண்டி இருக்கான்னு போன்லயே கேளுங்க. சமையலறையும் தனியான்னு சேர்த்துக் கேளுங்க.

* பெரியவங்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி விலை உண்டான்னு கேளுங்க. ஆயா மாதிரி ஒருத்தருக்கு மட்டும் தனியா ஏதாவது ஆர்டர் பண்ண விடுவாங்களான்னும் கேளுங்க. சில இடத்துல விடுவாங்க.

* அலர்ஜி இருந்தா பரிமாறுறவரை விட்டுட்டு சமையல்காரரைக் கேளுங்க. 10 கிளைக்கு மேல வச்சிருக்கற ஓட்டல்கள் ஒவ்வாமைத் தகவல் கொடுக்கணும்னு 2020-ல வந்த உணவுப் பாதுகாப்பு விதிமுறையிலயே இருக்கு. கேக்கறது நம்ம உரிமை.

* முக்கியமானது: யார் தட்டு எடுத்துட்டு வர்றதுன்னு வீட்டுலயே முடிவு பண்ணிட்டுப் போங்க. அம்மாவை உட்கார வைங்க. தம்பி இருக்கானே, எப்படியும் பத்து தடவை கவுண்டருக்குப் போகப்போறான். போறப்ப ஒண்ணு கூட எடுத்துட்டு வரட்டும்.

1690-ல இருந்து 1698 வரைக்கும் முகலாயப் படையோட முற்றுகையைத் தாங்கின கோட்டை எங்க ஊர்க் கோட்டை. உள்ள பெரிய பெரிய களஞ்சியங்கள் இன்னைக்கும் நிக்குது. போன 2025 ஜூலையில யுனெஸ்கோ பட்டியல்ல இடம் பிடிச்ச பிறகு, இனி வெளியூர்க்காரங்க குடும்பம் குடும்பமா வருவாங்கன்னு ஊர்ல பேசிக்கறாங்க. ராஜகிரி ஏறி இறங்கினா எந்த ஆயாவுக்கும் பசிக்கும். இங்க யாராவது புதுசா ஓட்டல் போடறதா இருந்தா அவங்களுக்கு ஒரே ஒரு விண்ணப்பம்: நூறு அயிட்டம் வேண்டாங்க. சைவத்துக்கு ஒரு தனி அடுப்பு, கேட்டா உண்மையைச் சொல்ற ஒரு சமையல்காரர், உட்கார வச்சுப் பரிமாற ரெண்டு ஆள். இது போதும்.

நல்ல ஓட்டலான்னு பாக்க நான் இப்ப ஒரே ஒரு கேள்விதான் வச்சிருக்கேன். அடுத்த தடவை கூப்பிட்டா எட்டு பேரும் வருவாங்களா?

போன வாரம் ஆயாவே கேட்டாங்க: "ஏம்பா, அந்த இலைச் சாப்பாட்டுக் கடைக்கு மறுபடி எப்பப் போறோம்?"

உங்க வீட்டுல 'நான் வீட்டைப் பாத்துக்கறேன்'னு சொல்ற ஆள் யாரு? ஒரு தடவை யோசிச்சுப் பாருங்க.